நீர்மூழ்கியில் கட்டளை கீழே இறங்குகிறது. உயிரைக் காக்கும் தகவல் மேலே ஏறுகிறது

கேள்வி இதுதான்: நீர்மூழ்கிக் கப்பலில் யார் யாருக்கு உத்தரவு போடலாம், யார் எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள். சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பியும் சொல்கிறார்கள். இதனால் உள்ளே இருப்பவர்களுக்கு உண்மையில் என்ன பாதுகாப்பு? வெறும் ராணுவ மிடுக்குதானா?

மிடுக்குக்காக வைத்த பழக்கம் இல்லை. கட்டளைச் சங்கிலி என்றதும் மேலிருந்து கீழே வரும் உத்தரவுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். விபத்து விசாரணைகளைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது வேறு. அந்தச் சங்கிலி ஆட்களைக் காப்பாற்றியபோதெல்லாம் பெரும்பாலும் கீழே இருந்த ஒருவர் சொன்ன தகவல் உடனே மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. கைவிட்டபோதெல்லாம் அந்தத் தகவல் நடுவழியில் எங்கோ நின்றிருக்கிறது. உத்தரவுக்குக் கீழ்ப்படிய எந்தக் கடற்படையும் ஆட்களைச் சீக்கிரமே பழக்கிவிடும். கெட்ட செய்தியைத் தயங்காமல் மேலே சொல்லப் பழக்குவதற்குத்தான் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அங்கே தவறைத் திருத்த எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பாருங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 200 மீட்டர் ஆழத்தில் கப்பல் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 20 கிலோ எடை அழுத்துகிறது. 20 நாட் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். அந்த வேகத்தில் மூக்கு 20 டிகிரி கீழே சாய்ந்தால் கப்பல் நொடிக்கு மூன்றரை மீட்டர் இறங்கும். அரை நிமிஷத்தில் 100 மீட்டர் போய்விடும். பெரும்பாலான நீர்மூழ்கிகள் தாங்கும் ஆழமே சில நூறு மீட்டர்தான். ஆக, ஒரு தப்பான எண்ணைக் கண்டுபிடித்துத் திருத்த நிமிஷங்கள் கிடைக்காது, நொடிகள்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஜன்னல் கிடையாது. சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது, எதிரே இருக்கும் முள்ளும் எண்ணும்தான் தெரியும். சோனாரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடலின் சத்தம் கேட்கும், கப்பலைத் திருப்ப முடியாது. என்ஜின் பகுதியில் இருப்பவருக்குக் குழாயில் கசிவது தெரியும், கப்பல் இப்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியாது. முடிவெடுக்கும் அதிகாரிக்கு இவை எல்லாமே பிறர் சொல்லித்தான் தெரிய வேண்டும். பார்ப்பது ஓரிடம், கேட்பது ஓரிடம், செய்வது ஓரிடம். நடுவில் இருப்பது பேச்சு ஒன்றுதான்.

அதனால்தான் பேச்சுக்கே ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக் காவல்முறையின் (வாட்ச்) பொறுப்பில் இருக்கும் வாட்ச் அதிகாரி, சுக்கானைப் பிடித்திருக்கும் ஹெல்முக்கு ஒரு திருப்பம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஹெல்ம், சுக்கான் இடது பதினைந்து, திசை இரண்டு ஏழு பூஜ்யத்தில் நிறுத்து."

"சுக்கான் இடது பதினைந்து, திசை இரண்டு ஏழு பூஜ்யத்தில் நிறுத்துகிறேன்."

சக்கரத்தைத் திருப்புகிறார். முள் நகர்ந்து நிற்கிறது. "சார், சுக்கான் இப்போது இடது பதினைந்தில் இருக்கிறது." "சரி." கொஞ்ச நேரம் கழித்து, "திசை இரண்டு ஏழு பூஜ்யம், நிலையாக நிற்கிறது." மறுபடியும், "சரி."

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே விஷயத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்வதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் பிடிக்கும் தவறு வேறு. ஹெல்ம் திருப்பிச் சொல்லும்போது அவர் காதில் தப்பாக விழுந்திருந்தால் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, அதிகாரி வாய் தவறிச் சொல்லியிருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும் என்பது. 'இடது' என்று மனதில் நினைத்துக்கொண்டு 'வலது' என்று சொல்லிவிடுவது களைத்துப்போன எவருக்கும் நேரும். சொன்னவருக்கு அது தெரியவே தெரியாது. அதையே இன்னொருவர் குரலில் கேட்கும்போதுதான் உறைக்கும். பிறகு, "சுக்கான் இப்போது இடது பதினைந்தில் இருக்கிறது" என்ற அறிக்கை மனிதரைச் சோதிப்பதற்கு அல்ல, இயந்திரத்தைச் சோதிப்பதற்கு. சக்கரம் திரும்பினாலும் ஹைட்ராலிக் பழுதால் சுக்கான் திரும்பாமல் நிற்கலாம். அந்த அறிக்கை வரவில்லை என்றாலே அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் சொல்லும் 'சரி'யும் வெறும் மரியாதை இல்லை. அது வரும்வரை அறிக்கை கொடுத்தவர் தான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி சொல்ல வேண்டும்.

திசையையும் ஆழத்தையும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வதும் இதற்காகத்தான். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ஆழக் கணக்கில் அந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், எந்த நேரத்திலும் கப்பலை நடத்துபவர் ஒரே ஒருவர்தான். அது கேப்டனாகவே எப்போதும் இருக்காது. பெரும்பாலான நேரம் வாட்ச் அதிகாரிதான் நடத்துவார். கேப்டன் கட்டுப்பாட்டு அறையில் நின்றிருந்தாலும் அதுதான் நிலைமை. கேப்டன் நேரடியாக எடுத்துக்கொள்ள விரும்பினால், "இது கேப்டன், கப்பலை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி அறிவிக்க வேண்டும். ஹெல்மில் இருப்பவர் அதை ஏற்றதாகப் பதில் சொல்வார், பதிவேட்டிலும் எழுதுவார்கள். இது மட்டும் தெளிவாக இல்லையென்றால் இரண்டு பேர் இரண்டு உத்தரவு சொல்வார்கள், இல்லையென்றால் அவர் சொல்வார் என்று இவரும் இவர் சொல்வார் என்று அவரும் சும்மா இருப்பார்கள். இந்த இரண்டாவதுதான் அதிக ஆபத்து. வெளியே பார்த்தால் எல்லாம் அமைதியாகவே இருக்கும்.

வாட்ச் மாறும்போதும் இதே கதைதான். வருகிறவர் முதலில் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். எந்த இயந்திரம் பழுது, பக்கத்தில் என்னென்ன கப்பல்கள், கேப்டன் இரவுக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்வார். "ஏற்கத் தயார்", "ஒப்படைக்கத் தயார்" என்று இருவரும் வாய்விட்டுச் சொன்ன பிறகே பொறுப்பு கைமாறும். மௌனமாக எதுவும் கைமாறாது.

அவசரம் என்று வந்தால் விதி கொஞ்சம் மாறுகிறது. இந்த மாற்றத்தில்தான் முழு ஏற்பாட்டின் அறிவும் இருப்பதாக எனக்குத் தோன்றும். சாதாரண நேரத்தில் ஒரு தகவல் படிப்படியாக மேலே போகும். தீ, தண்ணீர், நச்சுப் புகை என்றால் படியே கிடையாது. முதலில் பார்த்தவர் யாரோ அவர்தான் சொல்ல வேண்டும். கப்பலுக்கு நேற்று வந்த பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் அவசர மைக்கை எடுத்து என்ன, எங்கே என்று சொல்லிவிட வேண்டும். மேலதிகாரியைத் தேடிப் போகவோ அனுமதி கேட்கவோ கூடாது. கட்டுப்பாட்டு அறை அதை வாங்கி, அபாய மணியடித்து, அதே வார்த்தைகளைக் கப்பல் முழுவதற்கும் திருப்பிச் சொல்லும். எந்த அறை என்ற ஒரு வார்த்தை மாறிப்போனால் தீயணைக்கும் குழு தவறான பக்கம் ஓடும். ஆக இங்கேயும் திருப்பிச் சொல்லல் உண்டு. ஏறும் வழியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், சரிபார்ப்பை விட்டுவிடவில்லை.

மின்சாரம் போய்விட்டாலும் பேச்சு போகக் கூடாது என்பதற்காகப் பேசுபவரின் குரல் அதிர்விலேயே இயங்கும் தொலைபேசிகளை நீர்மூழ்கிகளில் வைத்திருக்கிறார்கள். வெளி மின்சாரமே வேண்டாம். அவசரத்தின்போது ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு வேறு வேலையே கிடையாது. கேட்டதைச் சொல்ல வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும், நடுவில் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது.

அப்படி ஹெட்செட் மாட்டியிருந்த ஒருவரால் உயிர்கள் பிழைத்த கதை 1939-இல் நடந்தது. மே 23 அன்று அமெரிக்காவின் ஸ்குவாலஸ் நீர்மூழ்கி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் கடற்கரைக்கு அப்பால் சோதனை முழுகலில் இறங்கியது. முழுகுமுன் எல்லாத் திறப்புகளும் மூடியிருக்கின்றனவா என்று காட்டும் விளக்குப் பலகையில் அத்தனையும் பச்சை. உள்ளே காற்றைக் கொஞ்சம் விட்டு அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தார்கள், அதுவும் சரி என்றது. கப்பல் இறங்கியது. அடுத்த சில நொடிகளில், கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி மாட்டியிருந்தவர் காதில் பின்பக்கத்திலிருந்து அலறல்: என்ஜின் அறைக்குள் தண்ணீர், மேலே ஏற்றுங்கள்! என்ஜின்களுக்குக் காற்று வரும் பெரிய வால்வு திறந்திருந்தது. பலகை இன்னமும் பச்சையாகவே இருந்தது.

அந்த நொடியில் அவர் செய்தது ஒன்றுதான். கேட்டதைக் கேட்டபடியே சத்தமாகச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டு விவாதிக்கவில்லை. குரலை நம்பி உடனே தொட்டிகளில் காற்றை அடித்தார்கள், பகுதிகளுக்கு இடையிலான கதவுகளை மூடினார்கள். கப்பலை மேலே கொண்டுவர முடியவில்லை. 74 மீட்டர் ஆழத்தில் தரை தட்டியது, பின்பகுதியில் இருந்த 26 பேர் இறந்தார்கள். ஆனால் முன்பகுதி காய்ந்து நின்றது. அங்கே இருந்த 33 பேரையும் சுமார் 40 மணி நேரத்தில் மணி வடிவ மீட்புக் கூண்டு ஒன்றை நான்கு முறை இறக்கி ஏற்றி வெளியே எடுத்தார்கள். முழுகிக் கிடந்த நீர்மூழ்கியிலிருந்து அப்படி ஆட்களை மீட்டது அதுவே முதல் முறை. கருவி சொன்னதை மட்டும் நம்பி இன்னும் சில நொடி யோசித்திருந்தால் முன்பகுதி அப்படி நின்றிருக்குமா என்பது பெரும் சந்தேகம்.

இதற்கு நேர் எதிரான கதை 2001 பிப்ரவரி 9 அன்று ஹவாய்க்கு அருகே நடந்தது. கட்டளைச் சங்கிலி பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இதில் எந்த இயந்திரமும் பெரிதாகப் பழுதாகவில்லை. யாரும் உத்தரவை மீறவும் இல்லை.

அமெரிக்காவின் கிரீன்வில் என்ற அணுசக்தி நீர்மூழ்கி, 16 பொதுமக்களை விருந்தினராக ஏற்றிக்கொண்டு ஒருநாள் பயணம் போயிருந்தது. மதியச் சாப்பாடு இழுத்துக்கொண்டே போனதில் துறைமுகம் திரும்பும் நேரம் தவறிக்கொண்டிருந்தது. கடைசியாக விருந்தினருக்குக் காட்ட வேண்டியது அவசர மேலேற்றம்: உயரழுத்தக் காற்றைத் தொட்டிகளில் ஒரேயடியாக விட்டுக் கப்பலைக் கடல்மட்டத்துக்கு மேலே துள்ளவைப்பது. ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. ஆகவே மேலே யாரும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெரிஸ்கோப்பை நீருக்கு மேலே நீட்டிச் சுற்றிப் பார்க்கக்கூடிய ஆழத்துக்கு ஏறத் தயாராக வாட்ச் அதிகாரிக்குக் கேப்டன் கொடுத்த நேரம் ஐந்து நிமிஷம். தானே ஒலி எழுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் சோனார், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் நேரடியாகச் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. கப்பலைக் கொஞ்ச நேரம் ஒரு திசையிலும், பிறகு கொஞ்ச நேரம் வேறு திசையிலும் ஓட்டி, சத்தத்தின் திசை எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் தூரத்தைக் கணிக்க வேண்டும். அவசரத்தில் அந்த ஓட்டங்களைச் சுருக்கினார்கள். ஏறுவதற்கு முன்பு எல்லாரும் கூடிப் பேச வேண்டிய சிறு கூட்டமும் நடக்கவில்லை. சோனார் திரையில் தெரிவதைக் கட்டுப்பாட்டு அறையிலேயே காட்டும் துணைத்திரை அன்று வேலை செய்யவில்லை. அதற்கு மாற்றாக யார் என்ன செய்வது என்ற ஏற்பாடும் சரியாக இல்லை. அறையில் விருந்தினர் கூட்டம் வேறு.

அங்கே ஒரு தொழில்நுட்பப் பணியாளர் இருந்தார். சோனார் தகவலிலிருந்து ஒவ்வொரு கப்பலின் தூரத்தையும் கணிப்பது அவர் வேலை. சியர்ரா 13 என்று பெயரிட்டிருந்த ஒரு கப்பல் சில ஆயிரம் கெஜ தூரத்தில், நெருங்கி வருவதாக அவருடைய கணக்கு காட்டியது. அவர் அதைச் சொல்லவில்லை. சுவரில் இருந்த வரைபடத்தில் நிலவரத்தைக் குறிக்க விருந்தினர்கள் வழியில் நின்றார்கள், அதனால் குறிப்பதையும் நிறுத்திவிட்டார். கேப்டனே பெரிஸ்கோப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றார். உடனே அந்தப் பணியாளர் கேப்டன் கண்ணில் படவில்லை என்றால் தன் கணக்குதான் தப்பு என்று முடிவுகட்டி, அந்தக் கப்பலைத் தூரத்தில் இருப்பதாகத் திருத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் செய்தது சோம்பேறித்தனம் இல்லை. தன்னைவிடப் பல மடங்கு அனுபவமுள்ள, எல்லாரும் மதித்த ஒரு கேப்டன் தன் கண்ணால் பார்த்துச் சொன்னதை நம்பினார். ஆனால் கேப்டன் "யாரும் இல்லை" என்ற முடிவுக்கு வந்ததற்கு ஒரு காரணம், யாரும் இருப்பதாக அவரிடம் எவரும் சொல்லவில்லை என்பது. இவர் அவரை நம்பினார், அவர் இவருடைய மௌனத்தை நம்பினார். கணக்கு தப்போ சரியோ, "சார், சியர்ரா 13 பக்கத்தில் இருப்பதாக எனக்குக் காட்டுகிறது" என்ற ஒரே வாக்கியம் போதும். அந்தப் பக்கம் பெரிஸ்கோப்பை இன்னொரு முறை திருப்பியிருப்பார்கள்.

அவர் ஒருவர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இரண்டாம் நிலை அதிகாரிக்கும் எல்லாம் அவசர அவசரமாகப் போவதாக மனதில் பட்டிருக்கிறது. விருந்தினரோடு வந்திருந்த ஒரு மூத்த அதிகாரிக்கும் அப்படியே. இருவரும் வாயைத் திறக்கவில்லை. பிற்பகல் 1:43-க்கு நீர்மூழ்கி மேலே பாய்ந்து, ஜப்பானின் எஹிமே மாரு என்ற பயிற்சி மீன்பிடிக் கப்பலை அடியிலிருந்து கிழித்தது. அது சில நிமிஷங்களில் மூழ்கியது. அதில் இருந்த 35 பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள். நான்கு பேர் பள்ளி மாணவர்கள், இரண்டு பேர் அவர்களுடைய ஆசிரியர்கள், மூன்று பேர் கப்பல் ஊழியர்கள். நீர்மூழ்கிக்குள் இருந்தவர்கள் தப்பித்தார்கள் என்பது அதிர்ஷ்டமே தவிர அவர்களுடைய ஏற்பாட்டின் சாமர்த்தியம் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, காரணங்களில் முதலாவதாகச் சொன்னது அந்தக் குழுவின் மூத்தவர்களுக்கு இடையே பேச்சும் ஒத்துழைப்பும் போதாமல் போனதைத்தான்.

நல்ல கேப்டன் அமைவதிலேயே இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. மோசமான கேப்டனை எல்லாரும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். திறமைசாலியைக் கவனிப்பதை விட்டுவிடுவார்கள். அமெரிக்க அணுசக்திக் கடற்படையில் இதற்கென்றே ஒரு கடமை வைத்திருக்கிறார்கள்: மேலே இருப்பவர் செய்வதில் தப்பு தெரிந்தால் ஒரு முறை மெல்லச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது, அவர் காதில் ஏறும்வரை விடாமல் சொல்ல வேண்டும். இது கீழே இருப்பவருக்குக் கொடுத்த சலுகை இல்லை, அவருடைய வேலையின் ஒரு பகுதி. சொல்லாமல் விட்டால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, திருப்பிச் சொல்லும் பழக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சாண்டா ஃபே என்ற அமெரிக்க நீர்மூழ்கிக்கு 1999-இல் கேப்டனாக வந்த டேவிட் மார்க்கே சொன்ன ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். அவர் ஒரு வருஷம் வேறொரு கப்பலுக்காகப் பயிற்சி எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் இந்தக் கப்பலுக்கு மாற்றப்பட்டவர். ஒரு பயிற்சியின்போது அணு உலையை நிறுத்திவிட்டு, அவசரத்துக்கென இருக்கும் சிறிய மின்மோட்டாரில் கப்பலை ஓட்டினார்கள். மார்க்கே வேகத்தைக் கூட்டச் சொன்னார்: "முன்னே மூன்றில் இரண்டு". வாட்ச் அதிகாரி அப்படியே அந்த உத்தரவைப் போட்டார். ஹெல்மில் இருந்தவர் நெளிந்தார், எதுவும் செய்யவில்லை. விசாரித்தால், அந்தக் கப்பலின் மின்மோட்டாரில் அப்படி ஒரு வேகமே கிடையாது. வாட்ச் அதிகாரிக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, நீங்கள் சொன்னீர்கள், அதனால் சொன்னேன் என்றார்.

அங்கே வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை. உத்தரவு மிகச் சரியாகக் கைமாறியது. ஆனால் அதைக் கடத்தியவர் தன் அறிவை அதோடு சேர்க்கவில்லை. மார்க்கே அதன் பிறகு உத்தரவு கொடுப்பதையே வெகுவாகக் குறைத்தார். அதிகாரிகள் "சார், கப்பலை முழுகவைக்கப் போகிறேன். ஆழம் பார்த்தாயிற்று, திறப்புகள் மூடியிருக்கின்றன, எல்லாரும் கீழே வந்தாயிற்று" என்று எண்ணத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கேப்டன் "சரி" என்பார். சொல்ல வேண்டும் என்பதாலேயே யோசிக்க வேண்டும். அந்த யோசனையில் ஓட்டை இருந்தால் கேப்டன் கேட்கலாம், இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார். அதேபோல, ஒரு வால்வையோ சுவிட்சையோ தொடும் முன்பு ஒரு கணம் நிறுத்தி, என்ன செய்யப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லி, கையால் காட்டிவிட்டுத் தொட வேண்டும் என்ற பழக்கத்தையும் கொண்டுவந்தார். பக்கத்தில் இருப்பவர் "ஐயோ, அது இல்லை" என்று சொல்ல ஒரு நொடி கிடைக்கிறது. நொடிதான் வேண்டும்.

கேப்டன் தூங்கும் நேரம்தான் இதற்கெல்லாம் நிஜமான பரீட்சை. ஒவ்வொரு கேப்டனும் எழுத்தில் நிரந்தர உத்தரவு வைத்திருப்பார்: எந்தத் தூரத்துக்குள் கப்பல் வந்தால், எந்தக் கருவி பழுதானால், ஆழம் வரைபடத்தோடு எவ்வளவு ஒத்துப்போகாவிட்டால் என்னை எழுப்ப வேண்டும் என்று. சந்தேகமாக இருந்தாலே எழுப்பு என்றும் இருக்கும். ஆனால் தாளில் என்ன எழுதியிருந்தாலும், இரவு மூன்று மணிக்கு ஓர் இளம் அதிகாரி எழுப்பி, கடைசியில் அது ஒன்றுமில்லை என்று தெரியும்போது கேப்டன் முகத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் அந்தக் கப்பலின் உண்மையான உத்தரவு. "நல்லது, எழுப்பியதற்கு நன்றி" என்றால் அடுத்த முறையும் எழுப்புவார். சலித்துக்கொண்டால் அடுத்த முறை இன்னும் இரண்டு நிமிஷம் பார்ப்போம் என்று காத்திருப்பார். அந்த விஷயம் காலைக்குள் கப்பல் முழுக்கப் பரவிவிடும். பாதுகாப்பைப் பற்றிக் கேப்டன் நடத்தும் எந்தச் சொற்பொழிவைவிடவும் இதன் பலம் அதிகம்.

ஆழம் ஒத்துப்போகவில்லை என்பதை ஏனோதானோ என்று சொல்லவில்லை. 2005 ஜனவரி 8 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ என்ற அமெரிக்க நீர்மூழ்கி, குவாமுக்குத் தெற்கே முழு வேகத்தில் கடலடி மலை ஒன்றில் மோதியது. பயன்படுத்திய வரைபடத்தில் அந்த மலை இல்லை. ஆனால் கப்பலில் இருந்த வேறு வரைபடங்களில் அந்தப் பக்கத்தில் ஆபத்து இருப்பதற்கான குறிப்பு இருந்தது. மோதுவதற்கு முன்பு எடுத்த ஆழ அளவுகளும் வரைபடம் சொன்னதைவிடக் குறைவாகவே வந்திருந்தன. அந்த முரண்பாடு ஓர் எச்சரிக்கையாக மேலே போய், வேகத்தைக் குறைக்கவைக்கவில்லை. 137 பேரில் 98 பேர் காயமடைந்தார்கள், ஒரு மாலுமி இறந்தார். முன்பக்கத் தொட்டிகள் கிழிந்துபோன அந்தக் கப்பல் குவாமுக்கு மிதந்தபடியே திரும்பியது என்றால் அதற்கும் பேச்சுதான் காரணங்களில் ஒன்று. தூக்கி எறியப்பட்டு விழுந்தவர்கள் எழுந்து மேலேற்ற உத்தரவைச் சில நொடிகளில் நிறைவேற்றினார்கள். ஒவ்வொரு பகுதியும் தன் நிலையைச் சொன்னது. விபத்துக்கு முன் விட்டுப்போனதும் விபத்துக்குப் பின் காப்பாற்றியதும் ஒரே பழக்கம்.

ஒழுங்கு தளர்வதும் மெல்லத்தான் நடக்கும். 2009 மார்ச்சில் ஹோர்முஸ் நீரிணையில் ஹார்ட்ஃபோர்டு என்ற நீர்மூழ்கி, தன் நாட்டுக் கப்பலான நியூ ஆர்லீன்ஸ் மீதே மோதியது. அங்கே வாட்சில் இருந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்து அரட்டை அடிப்பதும், ரேடியோ அறையில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வைத்திருந்ததும் சகஜமாகிப் போயிருந்ததாக விசாரணை சொன்னது. அரட்டை தப்பா என்றால், மாதக்கணக்கில் ஒன்றாக அடைந்து கிடப்பவர்கள் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் வேலைப்பேச்சுக்கும் சும்மாப் பேச்சுக்கும் வித்தியாசமே காதில் விழாமல் போனால், அவசரமான ஒரு வாக்கியமும் அரட்டையோடு அரட்டையாகக் கரைந்துவிடும். வேலைப்பேச்சு விறைப்பாக இருப்பதன் பயன், அது தனியாகக் கேட்பதுதான்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலி கப்பலுக்குள் மட்டும் சரியாக இருந்தால் போதாது, கரையிலும் வேண்டும். 1963 ஏப்ரல் 10 அன்று திரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியபோது, மேலே துணைக்கு வந்த ஸ்கைலார்க் கப்பலுக்கு நீரடித் தொலைபேசியில் வந்த கடைசிச் செய்திகள் பாதி புரியாமல் போயின. புரிந்திருந்தாலும் மேலே இருந்தவர்களால் எதுவும் செய்திருக்க முடியாது. அந்தக் கப்பலின் விதியைத் தீர்மானித்த குறைகள் கரையிலேயே தொடங்கியவை. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய சப்சேஃப் திட்டம் கடல்நீரைத் தடுக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் சரிபார்த்த சான்று கையில் இல்லாமல் கப்பல் முழுகக் கூடாது என்றது. வேலையை முடித்துக் கொடுக்க அவசரப்படுபவரும் அது பாதுகாப்பானதா என்று சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்றும் வைத்தது. 1915 முதல் 1963 வரை அமெரிக்கா போர் அல்லாத காரணங்களால் 16 நீர்மூழ்கிகளை இழந்தது. அதற்குப் பிறகு இழந்தது 1968-இல் ஸ்கார்ப்பியன் ஒன்றைத்தான். அதுவும் சப்சேஃப் சான்று பெறாத கப்பல்.

இப்போதைய கப்பல்களில் கணினி வந்துவிட்டதே, இன்னும் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2004-இல் சேவைக்கு வந்த வர்ஜினியா வகையில் முன்பு நான்கு பேர் பார்த்த சுக்கான், ஆழக் கட்டுப்பாட்டு வேலையைப் பைலட், துணைப் பைலட் என்று இரண்டே பேர் பார்க்கிறார்கள். பழைய கப்பல்களில் தனி அறையில் இருந்த சோனார் பணியாளர்களைக் கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். பெரிஸ்கோப்புக்குப் பதில் கேமரா, படம் திரையில் எல்லாருக்கும் தெரியும். கிரீன்வில்லில் தடுக்கிய பல இடங்கள் இதனால் குறைந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் திரையில் தெரிவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ளும் புது வசதியும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஆகவே சோனார் பணியாளர் அதிகாரிக்குச் சில அடி தூரத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், புதிதாக ஒரு சத்தம் கேட்டால் இன்றும் வாய்விட்டுத்தான் அறிவிக்கிறார், அதிகாரியிடமிருந்து பதில் வரும்வரை விடுவதில்லை.